நம்ம ஊரு டீசல் ஃபில்டருக்கு மழைக் கணக்கு

மக்களே, ஒரு சின்ன கேள்வி. நீங்க மெக்கானிக்கலோ, சிவிலோ, சி.எஸ்.இ.யோ, எதுவா வேணா இருங்க. உங்க வீட்டுல டீசல் கார் இருந்தா, அதோட ஃபில்டர்ல இருந்து கடைசியா எப்போ தண்ணியை வடிச்சீங்க?

"டீசல் ஃபில்டர்ல ஏதுடா தண்ணி?"ன்னு கேக்குறீங்கன்னா இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். "அதெல்லாம் சர்வீஸ்ல பாத்துக்குவாங்க"ன்னு சொல்றீங்கன்னா கண்டிப்பா உங்களுக்குத்தான்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். கன்னியாகுமரி மாவட்டத்துல டீசல் ஃபில்டரை கிலோமீட்டர் மட்டும் பார்த்துக் கவனிக்கிறது போதாது. மழையையும் பார்க்கணும். வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஒவ்வொரு மழைக்காலமும் முடிஞ்ச கையோட, ஃபில்டர் அடியில தேங்கின தண்ணியை வடிக்கணும். அதை எஞ்சினியரிங் படிக்கிற நாம நம்ம கையாலேயே செய்யத் தெரிஞ்சிருக்கணும். ஏன்னு சொல்றேன்.

ஃபில்டர் பாக்குற ரெண்டு வேலை

ஃபில்டர்னா தூசியைப் பிடிக்கிற ஒரு காகித டப்பான்னுதான் நிறைய பேர் நினைக்கிறோம். டீசல் ஃபில்டருக்கு ரெண்டு வேலை. ஒண்ணு தூசி, இன்னொண்ணு தண்ணி.

முதல்ல தூசி. இப்போ ஓடுற காமன் ரெயில் எஞ்சின்கள்ல டீசல் 1,600 பார், சில எஞ்சின்ல 2,000 பார் அழுத்தம் வரைக்கும் போகும். கார் டயர்ல நாம அடிக்கிற காத்து சுமார் 2 பார்தான். அப்போ கணக்குப் போட்டுக்கோங்க. இவ்வளவு அழுத்தத்துல டீசல் ஒழுகாம இருக்கணும்னா இன்ஜெக்டருக்குள்ள நகர்ற பாகங்களுக்கு நடுவுல இருக்குற இடைவெளி 1லிருந்து 3 மைக்ரானுக்குள்ள இருக்கணும். நம்ம தலைமுடி ஒண்ணோட தடிமன் சுமார் 70 மைக்ரான். கண்ணுக்கே தெரியாத ஒரு மணல் துகள், அந்த இடைவெளிக்குப் பாறாங்கல் மாதிரி.

அடுத்தது தண்ணி. டீசலை விட தண்ணி கனம். ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ, ஒரு லிட்டர் டீசல் சுமார் 830 கிராம். அதனால தண்ணி எப்பவும் அடியில போய் உக்காரும். டீசலோட கலந்து வர்ற பொடிப்பொடித் துளிகளை ஃபில்டர் ஒண்ணாச் சேர்த்துப் பெரிய துளியாக்கி, கீழே இருக்குற கிண்ணத்துல விழ வைக்கும். அந்தக் கிண்ணம் நிரம்பிடுச்சுன்னா? தண்ணி நேரா பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் போகும்.

அங்கே போனா என்ன ஆகும்? உயர் அழுத்த பம்புக்குத் தனியா எண்ணெய் கிடையாது. உள்ள ஓடுற டீசலேதான் அதுக்கு மசகு. தண்ணிக்கு அந்தக் குணம் இல்ல. இரும்போட இரும்பு உரசும். உரசி வர்ற பொடி நாலு இன்ஜெக்டருக்கும் போகும். துரு ஒரு பக்கம் சேரும். இன்ஜெக்டர் நுனியில இருக்குற சூட்டுல தண்ணி சட்டுனு ஆவியாகி நுனியையே சேதப்படுத்தும்.

இன்னொரு விஷயமும் இருக்கு. டீசல்ல இயற்கையா இருக்குற வழுவழுப்பு, கந்தகத்தை எடுக்குற சுத்திகரிப்புல குறைஞ்சிடுது. பி.எஸ்.4 டீசல்ல கந்தகம் 50 பி.பி.எம். வரைக்கும் இருக்கலாம். 2020 ஏப்ரல்ல வந்த பி.எஸ்.6ல அது 10 பி.பி.எம். காத்துக்கு இது ரொம்ப நல்லது, அதுல சந்தேகமே இல்ல. வழுவழுப்பை ஈடுகட்ட டீசல்ல வேற மருந்து சேர்க்குறாங்க. ஆனா தண்ணியைச் சகிச்சுக்கிற தெம்பு பழைய எஞ்சினுக்கு இருந்த அளவுக்குப் புது எஞ்சினுக்கு இல்ல.

முதலமைச்சர் கான்வாய்க்கே இந்த கதி

இது ஏதோ புஸ்தகக் கதைன்னு நினைக்காதீங்க. 2025 ஜூன் 26 ராத்திரி, மத்தியப் பிரதேச முதலமைச்சர் மோகன் யாதவோட ரத்லாம் பயணத்துக்காகக் கொண்டு வந்த 19 கார்கள் ஒரு பங்க்ல டீசல் போட்டுட்டுக் கிளம்புச்சு. கொஞ்ச தூரத்துலயே வரிசையா நின்னு போச்சு. டேங்கைக் கழட்டிப் பார்த்தா டீசலோட தண்ணி. பங்கை சீல் வெச்சாங்க. மழைத் தண்ணி நிலத்தடி டேங்குக்குள்ள கசிஞ்சிருக்கலாம்னு பங்க் தரப்புல சொன்னதா செய்தி வந்துச்சு.

அந்த 19 வண்டியும் அரசு வேலைக்கு வந்தது. அதனால அதிகாரிங்க ராத்திரியே ஓடி வந்தாங்க, மறுநாள் நாடு முழுக்க நியூஸ் ஆச்சு. இதே விஷயம் நாகர்கோவில்ல ஒரு வாடகை கார் டிரைவருக்கு நடந்தா யார் ஓடி வருவா?

ஒரு மழையில ஒரு பங்க்ல இது நடக்கும்னா, வருஷத்துல ரெண்டு மழைக்காலம் இருக்குற நம்ம ஊரை யோசிச்சுப் பாருங்க. தமிழ்நாட்டுல பெரும்பாலான மாவட்டத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருசு. நமக்கு ஜூன்ல இருந்து தென்மேற்கும் நல்லா அடிக்கும், ஐப்பசி கார்த்திகையில வடகிழக்கும் அடிக்கும். 2021 நவம்பர் வெள்ளத்துல ரோடு, தண்டவாளம், வயல்னு வித்தியாசம் இல்லாம தண்ணி நின்னதை நீங்களே பார்த்திருப்பீங்க. 2023 டிசம்பர் 17, 18ல தென் மாவட்டங்கள்ல பெய்ஞ்ச மழையில காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். இந்த மாதிரி தண்ணி நிக்கிற நிலத்துக்கு அடியிலதான் பங்க் டேங்குகளும் இருக்கு.

பங்க்காரங்க எல்லாரையும் நான் குறை சொல்லல. டேங்குக்குள்ள விடுற அளவுக் கோல்ல ஒரு பசையைத் தடவி இறக்கினா, தண்ணி இருக்குற உயரம் வரைக்கும் பசையோட நிறம் மாறிடும். அடியில எவ்வளவு தண்ணின்னு அப்படிக் கண்டுபிடிக்கிற வழி இருக்கு. நாமதான் கேக்குறதில்ல. பெருமழைக்கு மறுநாள் டீசல் போடப் போனா, "அண்ணே, இன்னைக்குத் தண்ணி செக் பண்ணியாச்சா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. டீசலோட அடர்த்தியை உங்க முன்னாடி அளந்து காட்டச் சொல்லவும் வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. பில் வாங்கிப் பத்திரமா வைங்க. நாளைக்கு வண்டி நின்னா கையில இருக்குற ஒரே ஆதாரம் அதுதான்.

ஷெட்டுல நிக்குற வண்டி

பங்க்ல தப்பே நடக்கலைன்னாலும் தண்ணி வரும். காத்துல இருந்தே வரும்.

பாதி டேங்க் டீசலோட வண்டி நிக்குதுன்னா மீதிப் பாதியில காத்து இருக்கும். நம்ம ஊரு காத்து, கடல் பக்கத்துக் காத்து, ஈரம் ஜாஸ்தி. பகல்ல சூடு, ராத்திரி குளிர்ச்சி. குளிர்ந்த டேங்க் சுவத்துல ஈரம் துளித்துளியா படிஞ்சு கீழே இறங்கும். ஐஸ் வாட்டர் டம்ளருக்கு வெளியில வேர்க்குமே, அதே கதை. தினமும் கொஞ்சம் கொஞ்சமா.

இங்கதான் நம்ம மாவட்டத்துக்குன்னு ஒரு தனி பிரச்சினை வருது. எத்தனை வீட்டுல அப்பாவோ மாமாவோ கல்ஃப்ல இருக்காங்க? லீவுக்கு வர்றப்போ ஓட்டுறதுக்குன்னு ஒரு டீசல் கார், மீதி பத்து மாசம் ஷெட்டுல. எங்க மாமா வண்டியும் அப்படித்தான். மூணு வருஷத்துல அது ஓடினது பத்தாயிரம் கிலோமீட்டர் கூட இல்ல. கிலோமீட்டர் கணக்குப்படி ஃபில்டர் இன்னும் புதுசு. போன வருஷம் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன் வந்து அடி நட்டைத் தளர்த்தி ஒரு மினரல் வாட்டர் பாட்டில்ல பிடிச்சார். அரை டம்ளருக்கு மேல தண்ணி. மேலே டீசல், கீழே தண்ணி, நடுவுல கறுப்பா, வழுவழுன்னு ஒரு படலம்.

அந்தப் படலம் உயிருள்ளது. டீசலும் தண்ணியும் சந்திக்கிற இடத்துல பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். தண்ணியில குடியிருந்து டீசலைத் தின்னும். அதோட கழிவு அமிலமா இருக்கும், டேங்கை அரிக்கும். அந்தக் கொழகொழப்பு ஃபில்டர் காகிதத்தை அடைக்கும். தண்ணி இல்லைன்னா அதுக்கு வாழ்வே இல்ல. 2018 தேசிய உயிரி எரிபொருள் கொள்கைப்படி 2030க்குள்ள டீசல்ல 5 சதவீதம் பயோடீசல் கலக்கணும்ங்கிறது இலக்கு. பயோடீசல் சாதா டீசலை விட ஈரத்தை அதிகமா இழுக்கும். ஆக இந்தப் பிரச்சினை குறையப் போறதில்ல.

அதனாலதான் சொல்றேன், நமக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் சரிவராது. நம்ம தாத்தாமாருக்கு வேற காலண்டர் இருந்துச்சு. கன்னிப்பூ, கும்பப்பூன்னு ரெண்டு போகம். கன்னிப்பூ அறுப்பு முடியுறப்போ தென்மேற்கு மழை ஓய்ஞ்சிருக்கும். கும்பப்பூ அறுப்பு வர்றப்போ வடகிழக்கு முடிஞ்சிருக்கும். டீசல் ஃபில்டருக்கும் அந்தக் காலண்டரையே வெச்சுக்கலாம். அறுப்புக்கு முன்னாடி வயல்ல தண்ணி வடிக்கிற ஊரு இது. ஃபில்டர்லயும் வடிச்சா என்ன?

கடல்காரங்க கிட்ட கத்துக்கலாம்

தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை பக்கத்து மீனவர்கள் ஆழ்கடல் மீன்பிடிப்புக்குப் பேர் போனவங்க. கரையை விட்டா வாரக்கணக்குல கடல்தான். அவங்க விசைப்படகும் டீசல்லதான் ஓடுது. நடுக்கடல்ல எஞ்சின் இழுக்காம போனா ஓரமா நிறுத்திட்டு மெக்கானிக்குக்கு போன் போட முடியாது. காத்துக்கும் அலைக்கும் எதிரா நிக்கிற ஒரே பலம் அந்த எஞ்சின்தான். 2017 நவம்பர் 30ல ஒக்கி அடிச்சப்போ கடல்ல இருக்குறதுன்னா என்னன்னு இந்த மாவட்டம் ரொம்பப் பெரிய விலை கொடுத்துத் தெரிஞ்சுக்கிச்சு.

படகு எஞ்சின்கள்ல தண்ணி பிரிக்கிற ஃபில்டருக்குக் கண்ணாடி மாதிரி கிண்ணம் வைக்கிற வழக்கம் உலகம் முழுக்க உண்டு. பார்த்தாலே தண்ணி தெரியும், திறந்து விட்டுடலாம். பெரிய கப்பல்ல ரெண்டு ஃபில்டரை ஜோடியா வைப்பாங்க, எஞ்சினை நிறுத்தாமலே ஒண்ணைச் சுத்தம் பண்ண. கார்ல அந்த வசதி இல்ல. கிண்ணம் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாததாலதான் நம்ம நினைப்புலயும் இல்ல.

வானத்துலயும் இதே கதைதான். 2008 ஜனவரி 17ல பெய்ஜிங்ல இருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு வந்த போயிங் 777, ஓடுதளத்துக்கு முன்னாடியே புல்தரையில விழுந்துச்சு. எரிபொருள்ல இயல்பா இருக்குற கொஞ்சூண்டு தண்ணி, நீண்ட பயணக் குளிர்ல ஐஸாகி, ரெண்டு எஞ்சினுக்கும் போற எரிபொருளை மறிச்சதுதான் காரணம்னு விசாரணையில தெரிஞ்சுது. எரிபொருள் தரம் சரியாத்தான் இருந்துச்சு. நல்லவேளை, யாரும் சாகல. எரிபொருள்ல தண்ணி இருக்கும்ங்கிறதை ஏத்துக்கிட்டு, அதுக்கு வழி பண்ணி வைக்கிறதுதான் எஞ்சினியரிங்.

எப்படி வடிக்கிறது?

முதல் விதி: உங்க வண்டியோட மேனுவலைப் படிங்க. ஃபில்டர் எங்க இருக்கு, வடிகால் நட்டு இருக்கா, கை பம்ப் இருக்கான்னு மாடலுக்கு மாடல் மாறும். அதுலயே கடுமையான சூழல்ல ஓடுற வண்டிக்குன்னு தனி அட்டவணை இருக்கும். அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுறதே இல்ல. வாரண்டியில இருக்குற வண்டின்னா சர்வீஸ்லயே வடிக்கச் சொல்லுங்க, ஆனா பக்கத்துல நின்னு பாருங்க.

மத்தவங்களுக்குப் பொதுவான முறை இது. ராத்திரி முழுக்க நின்ன வண்டி, காலையில எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே செய்யணும். அப்போதான் தண்ணி நல்லா அடியில இறங்கியிருக்கும். பக்கத்துல பீடி, சிகரெட், தீ கூடாது. ஃபில்டர் அடியில ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை வைங்க. வடிகால் நட்டை முழுசாக் கழட்டாம ரெண்டு மூணு சுத்து தளர்த்துங்க. தானா வரலைன்னா கை பம்பை அமுக்குங்க. தண்ணி போய் சுத்தமான டீசல் வர ஆரம்பிச்சதும் நட்டை இறுக்குங்க. கை பம்ப் கெட்டியாகுற வரைக்கும் அமுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. ஒழுகுதான்னு பாருங்க. மொத்தம் கால் மணி நேரம்.

பாட்டிலைப் பத்து நிமிஷம் அசைக்காம வைங்க. கோடு போட்ட மாதிரி கீழே தண்ணி பிரியும். கொஞ்சம்னா பரவாயில்ல. மறு வாரம் வடிச்சும் அதே அளவு வந்துச்சுன்னா பிரச்சினை ஃபில்டர்ல இல்ல, டேங்க்ல. டேங்கையே காலி பண்ணிச் சுத்தம் செய்யணும்.

அந்த அழுக்கு டீசலை ஓடையில ஊத்திடாதீங்க. நம்ம ஓடை வாய்க்காலுக்குப் போகும், வாய்க்கால் குளத்துக்குப் போகும். சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூரும் 2022ல ராம்சர் பட்டியல்ல சேர்ந்த ஈரநிலங்கள். பழைய ஆயில் சேர்த்து வைக்கிற ஒர்க்ஷாப்புல கொடுத்துடுங்க.

செய்யக் கூடாதது மூணு. ஒண்ணு, காகித ஃபில்டரை பெட்ரோல்ல கழுவி, காத்தடிச்சு மறுபடி மாட்டுறது. காகிதம் கிழியும், அழுக்கு சுத்தமான பக்கத்துக்கே போயிடும். ரெண்டு, பார்க்க ஒரே மாதிரி இருக்குற போலி ஃபில்டர். டப்பா ஒண்ணுதான், உள்ள இருக்குற காகிதம் எத்தனை மைக்ரான்னு யாருக்குத் தெரியும்? மூணாவதுதான் ரொம்ப முக்கியம். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில ஏர் லாக் ஆனா இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி ஸ்டார்ட்டர் அடிக்கிற வித்தை இருந்துச்சு. காமன் ரெயில்ல அதைச் செய்யவே கூடாது. அந்த அழுத்தத்துல பீச்சுற டீசல் தோலைத் துளைச்சு உள்ள போயிடும். வெளியில ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், உள்ள கையே போற அளவுக்கு ஆகலாம். அப்படி ஏதாவது நடந்தா மருந்து தடவிட்டு இருக்காம அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

டேஷ்போர்டுல ஃபில்டர் படத்துக்குக் கீழே துளி மாதிரி ஒரு விளக்கு எரிஞ்சா, அது தண்ணி எச்சரிக்கை. "வீடு வரைக்கும் போயிடலாம்"ங்கிற எண்ணம் வேண்டாம். மார்த்தாண்டம் மேம்பாலம் ஏறுறப்போ வழக்கமா எடுக்குற கியர்ல வண்டி இழுக்கலைன்னா, காலையில ஸ்டார்ட் ஆக நேரம் எடுத்தா, முதல்ல பார்க்க வேண்டியது ஃபில்டர்.

"டீசல் காரே போகப் போகுதே"

இதைத்தான் நண்பர்கள் முதல்ல சொல்வாங்க. உண்மைதான். ஸ்விஃப்ட்ல இருந்து இண்டிகா விஸ்டா வரைக்கும் ஓடின அந்த ஃபியட் 1.3 லிட்டர் எஞ்சினை 2020ல மாருதி நிறுத்திடுச்சு. சின்ன டீசல் கார் புதுசா வாங்குறது இப்போ கஷ்டம்.

ஆனா அதனாலதான் இது இன்னும் முக்கியம். புது வண்டி வராதுன்னா, ஓடிக்கிட்டு இருக்குற பழைய வண்டி கை மாறும். முதல் ஓனர் வித்து, ரெண்டாவது ஓனர் வித்து, கடைசியில கடன் வாங்கி வாடகைக்கு ஓட்டுற ஒருத்தர் கைக்கு வரும். ஃபில்டர் விலை சில நூறுல இருந்து ஒண்ணு ரெண்டு ஆயிரம். இன்ஜெக்டரும் பம்பும் போனா அஞ்சு இலக்கத்துல பில். முதல் ஓனர் பத்து வருஷம் கண்டுக்காம விட்ட தண்ணிக்கு மூணாவது ஓனர் வட்டியோட கட்டுவார். அவருக்கு வண்டி ஒர்க்ஷாப்புல நிக்கிற பத்து நாளும் வருமானம் இல்ல. ராத்திரி திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கூட்டிட்டுப் போறதும் பெரும்பாலும் இந்த வண்டிங்கதான். களியக்காவிளை தாண்டி மழையில அது நின்னா, நஷ்டம் ரூபாயோட முடியாது. நம்ம கிளாஸ்ல வாடகை கார் ஓட்டுற அப்பாவோட பிள்ளைங்க எத்தனை பேர்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

நம்ம லேப்லயும் ஒரு டீசல் எஞ்சின் நிக்குது. லோடு டெஸ்ட் எடுக்கிறோம், ஹீட் பேலன்ஸ் ஷீட் போடுறோம், கிராஃப் வரையறோம். ரெக்கார்டுல சைன் வாங்கிறோம். அதோட ஃபில்டரை எந்த பேட்ச் மாணவனாவது தொட்டிருக்கானா? பவுண்டரி கண்டிஷன் தெரிஞ்ச நமக்கு வடிகால் நட்டு எந்தப் பக்கம் திரும்பும்னு தெரியல. எட்டு செமஸ்டர்ல ரெண்டு மணி நேரம் இதுக்கு ஒதுக்க முடியாதா? ஒரு பழைய ஃபில்டரை நெடுக்க அறுத்துக் காட்டினாலே போதும், பாதி ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் அதுக்குள்ள இருக்கு.

டிபார்ட்மென்ட்டும் அசோசியேஷனும் மனசு வெச்சா இன்னொண்ணும் செய்யலாம். வருஷத்துக்கு ரெண்டு சனிக்கிழமை, கன்னிப்பூவுக்கு ஒண்ணு, கும்பப்பூவுக்கு ஒண்ணு. லேப் டெக்னீஷியன் அண்ணன் மேற்பார்வையில, காலேஜ் பார்க்கிங்ல, சுத்து வட்டாரத்து வாடகை கார்களுக்கு இலவசமா தண்ணி வடிச்சுக் கொடுப்போம். எந்த வண்டியில எத்தனை மில்லி வந்துச்சு, எந்த மாசம், கடலோர ஊரா மலையோர ஊரான்னு குறிச்சு வைப்போம். ரெண்டு வருஷத்துல இந்த மாவட்டத்துக்கான நம்ம சொந்த டேட்டா கையில இருக்கும். ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடி அலையுற ஜூனியர்ஸ், இதை எடுத்துக்கோங்க. சம்மதம்னா எடிட்டோரியல் டீம்ல பேர் கொடுங்க. பாட்டிலும் ஸ்பேனரும் நம்ம கிட்ட இருக்கு.